ரோஜாப்பூ கேட்ட விலை

என் கணவர் சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்ற பிறகு பேட்டரி லைட்டுகள் சேர்க்க ஆரம்பித்தார். பித்தளை லைட், நிக்கல் பூச்சு லைட், முழ நீளத்தில் வரிசையாகப் பேட்டரிக் கட்டை போடுகிற லைட், சட்டைப் பையில் செருகுகிற குட்டை லைட். சர்வீஸில் இருந்தபோது ரோந்துக்குக் கொடுக்கிற லைட் பாதி நாள் எரியாது என்று புலம்புவார். எரிகிற ஒன்று இருந்தால் அது மேலதிகாரியின் ஜீப்பில் ஏறிவிடும். அந்தக் குறைதான் இப்படி வெளிவருகிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவரிடம் கேட்டதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. பிள்ளைகள் பள்ளியில் வாங்கிய கோப்பைகளெல்லாம் அதில் இருந்தன. அவை பரணுக்குப் போய், லைட்டுகள் வந்து உட்கார்ந்தன. சாயங்காலம் புளி போட்டுத் துலக்குவார். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, கரண்டு போனாலும் ஃபேன்கூட நிற்பதில்லை, இத்தனை லைட் எதற்கு என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "ஒனக்கு நகை எதுக்கு?" என்றார். என்னிடம் நகை என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. எனக்கு அப்போது பேசுகிற தெம்பு கிடையாது. ராஜபாளையத்தில் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை. டூட்டி முடிந்து, மில் ஷிப்ட் விட்ட கூட்டத்தோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கினால், கால் இரண்டும் என்னுடையவை போலவே இருக்காது.

லைட்டுகளை அவர் வாங்கியது ஒரு செல்போன் செயலியில். பழைய சாமான் வைத்திருப்பவர்கள் படம் எடுத்துப் போடுவார்கள். வேண்டியவர்கள் ஒருவருக்கு மேல் ஒருவராக விலை கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏலம் முடியும். கடைசியாக யார் கேட்டாரோ அவருக்குச் சாமான். யாருக்கும் யார் முகமும் தெரியாது. ஒரு படமும் சில எண்களும்தான் ஆள்.

ஒரு நாள் நான் வீட்டுக்குள் காலை வைத்ததுமே போனை நீட்டினார்.

"ஏட்டி, இங்க பாரு. பட்டாளத்து லைட்டு. மம்சாபுரத்துல ஒருத்தன் போட்ருக்கான். கூப்பிடு தூரம்."

பார்த்தேன். பச்சைப் பெயின்ட் அடித்து, கழுத்து மடங்கின மாதிரி ஒரு லைட். எனக்கு அது குளியலறைக் குழாய் போலத் தெரிந்தது. அவருக்குக் கண்ணில் ஒளி வந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க அவர் விலை கேட்பதும், இன்னொருவர் அதற்கு மேல் கேட்பதுமாகப் போனது. இன்னொருவரின் படம் ஒரு சிவப்பு ரோஜாப்பூ. இவர் எவ்வளவு ஏற்றினாலும் செத்த நேரத்தில் ரோஜாப்பூ அதற்கு மேலே சின்னதாக ஒரு தொகை வைத்துவிடும். ஞாயிறு சாயங்காலம் நான் சர்ச்சில் பெண்கள் ஜெபக்கூட்டம் முடிந்து வரும்போது, அவர் அலமாரி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஃபேனைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. லைட் ரோஜாப்பூவுக்குப் போய்விட்டது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டொரு நாள் கழித்து, விற்பவனிடமிருந்து ஒரு தகவல் வந்தது. ஏலம் எடுத்தவர் பணம் கட்டவில்லை, நீங்கள் கடைசியாகக் கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்கிறீர்களா என்று.

எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்றேன். அவர் சிரித்தார். விசாரணையில் ஒருவன் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும்போது சிரிக்கிற சிரிப்பு அது. கல்யாணமான புதிதில் எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டால் பயம். பிற்பாடு அலுப்பு.

"ஆள வச்சு ஏத்துதான். ரோஜாப்பூ இவனோட ஆளு. இல்ல, இவனேதான் ரோஜாப்பூ. நம்மள எவ்வளவுக்கு இழுக்க முடியுமோ அவ்வளவுக்கு இழுத்துட்டு, கொஞ்சம் கூடப் போயி அவனே எடுத்துக்கிட்டான். இப்ப என் தலையில கட்டப் பாக்கான்."

"ஒங்களுக்கு அந்த விலை சம்மதம்னுதானே கேட்டீங்க?"

"அந்த விலைக்குக் கொண்டுபோனது யாரு? ரோஜாப்பூ இல்லாட்டி நான் பாதியில முடிச்சிருப்பேன்."

ஸ்டேஷன் வாசலில் கிடக்கும் கேட்பாரற்ற வண்டிகளை ஏலம் விடும்போது, எடுக்க வருகிறவர்கள் மரத்தடியில் கூடிப் பேசி விலையை ஏறவிடாமல் பார்த்துக்கொள்வார்கள் என்று முன்பு சொல்லியிருக்கிறார். "அங்க எறக்குறதுக்குக் கூட்டுச் சேருவான். இங்க ஏத்துறதுக்கு" என்றார். வேண்டாம் என்று அவனுக்குப் பதில் அனுப்பினார்.

அடுத்த வாரமே அதே லைட் மறுபடி ஏலத்துக்கு வந்தது. இவர் சோதனைக்காக ஒரு விலை கேட்டார். தோசை திருப்புகிற நேரத்துக்குள் ரோஜாப்பூ வந்துவிட்டது. மறுபடி ரோஜாப்பூவுக்கே போனது. மறுபடி பணம் கட்டவில்லை, மறுபடி இவருக்கே தகவல். இதற்குள் அதே ஆள் இன்னொரு லைட்டும் போட்டிருந்தான். அதிலும் ரோஜாப்பூ.

வீட்டில் அதற்குப் பிறகு வேறு பேச்சு இல்லை. போன் திரையைப் படம் பிடித்துப் பிடித்து வைத்தார். ரோஜாப்பூ எந்த நேரத்தில் விலை கேட்கிறது, விற்பவன் எந்த நேரத்தில் செயலிக்குள் வருகிறான் என்று ஒத்துப் பார்த்தார். நான் வார்டில் நடந்ததை ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், பாதியில் "ரோஜாப்பூ நம்மூரு ஆளு மாதிரிதான் தெரியுது" என்பார். வேலையில் இருக்கும்போதாவது அவருடைய சந்தேகங்கள் ஸ்டேஷனில் தங்கும். ஓய்வு பெற்றபின் அத்தனையும் வீட்டுக்கு வந்துவிட்டன. பால்காரர் தண்ணீர் கலக்கிறார், கேஸ் சிலிண்டரில் எடை குறைகிறது, பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுச் சுவரை நம் பக்கம் நகர்த்திவிட்டார். கேட்டுக் கேட்டு, எனக்கே சில நாள் பாலை ஆற்றும்போது அதன் நிறத்தைப் பார்க்கத் தோன்றும்.

செயலிக்காரர்களுக்கு ஒரு புகார் அனுப்பினார். சேகரித்து வைத்த படங்களையெல்லாம் இணைத்தார். உங்கள் புகார் கிடைத்தது, பரிசீலிக்கிறோம் என்று உடனே பதில் வந்தது. மனிதர்கள் எழுதுகிற பதில் இல்லை அது. நாள்கள் போயும் வேறொன்றும் வரவில்லை.

"நேர்ல போயி ஒரு பார்வை பாத்துட்டு வந்துருவோம். லைட்ட நேர்ல பாத்து வாங்கலாம்னு போட்ருக்கான்லா. வாங்குற மாதிரி போவோம்" என்றார்.

"நான் எதுக்கு?"

"பொம்பள கூட வந்தா ஆளு சந்தேகப்பட மாட்டான்."

எனக்கு அன்று வார ஓய்வு. துவைக்க வேண்டிய துணி வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொன்னால் அன்று முழுக்க அதைப் பற்றிய பேச்சைக் கேட்க வேண்டும். போய்விட்டு வருவது சுலபம் என்று தோன்றியது. பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன்.

மம்சாபுரத்தில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பட்டாளத்துக்காரர் வீடு என்றதும் டீக்கடையில் கை காட்டினார்கள். காரை வீடு. முன்பக்கம் தகரக் கொட்டகை போட்டு, லைட்டுகளை ஏலத்தில் போட்ட அவர் மகன் பைக்கை நிறுத்தியிருந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலை ஒன்றில் பேக்கிங் பிரிவில் வேலை என்றான். எங்கள் வார்டில் நான் பிரிக்கிற கட்டுகளில் எத்தனை இவன் கை பட்டதோ என்று நினைத்துக்கொண்டேன். மரியாதையான பையன். சேர் எடுத்துப் போட்டு, துண்டால் துடைத்தான். லைட்டுகளை ஒரு அட்டைப் பெட்டியில் கொண்டுவந்து வைத்தான்.

"அப்பா மிலிட்டரில இருந்தாங்க சார். தவறி ரெண்டு வருஷம் ஆகுது. சும்மா பரண்ல கெடந்துச்சு. பிரெண்டு ஒருத்தன்தான் இதுக்கெல்லாம் கிராக்கி இருக்குன்னு சொன்னான்."

என் கணவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பச்சை லைட்டை மட்டும் நெடுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு சட்டென்று கேட்டார்.

"ரோஜாப்பூ யாருப்பா?"

பையன் முகம் வாடிவிட்டது. "அதைத்தான் சார் நானும் தேடிக்கிட்டு இருக்கேன். எடுக்குறான், பணம் கட்ட மாட்டேங்கான். போன் நம்பரும் தெரியாது. எவனோ வெளையாடுதான் சார்."

"வெளையாடுதானா? இல்ல, வெளையாட வச்சிருக்கியா?"

"சார்?"

"நான் டிபார்ட்மெண்ட்ல இருந்தவன். எனக்கு இதெல்லாம் தெரியும். செயலிக்காரன்கிட்ட கம்ப்ளைண்ட் குடுத்தாச்சு. அவன் கேக்கலேன்னா அடுத்தாப்புல சைபர் கிரைம். கள்ள ஐ.டி.ல விலைய ஏத்துறது சீட்டிங் கேஸு."

"சத்தியமா எனக்குத் தெரியாது சார்" என்று மட்டும் பையன் சொன்னான். உள்ளே பாத்திரம் ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு ஒரு அம்மா நிலைப்படியில் வந்து நின்று என்னைப் பார்த்தார்.

"யம்மா, செத்த உள்ள வாங்களேன். காப்பிக்குச் சீனி எம்புட்டுன்னு பாத்துச் சொல்லுங்க."

சீனிக்கு யாராவது அடுப்படிக்குக் கூப்பிடுவார்களா? எழுந்து போனேன். அறுபது வயதை ஒட்டியவர். வெளியே எட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நாடி பார்க்கிற பழக்கத்தில் என் விரல் தானாக மணிக்கட்டுக்குப் போனது. படபடவென்று அடித்தது.

"அந்த ரோஜாப்பூ நான்தாம்மா. எம் மகனுக்கு ஒண்ணும் தெரியாது. அவன் மேல கேசு கீசு போட்டுராதீய."

எனக்கு முதலில் விளங்கவில்லை. நீங்கள் எதற்கு உங்கள் வீட்டுச் சாமானுக்கே விலை கேட்கிறீர்கள் என்றேன்.

"அவன் சாமான் இல்லம்மா அது. என் சாமான். அவிய லீவுக்கு வரும்போதெல்லாம் எனக்குன்னு ஒண்ணு வாங்கியாருவாவ. மோட்டாருக்கு ராத்திரிலதான் கரண்டு விடுவான். நான்தான் தண்ணி பாய்ச்சப் போகணும். வரப்புல பாம்பு கெடக்கும், பன்னி வரும். பேட்டரிக் கட்டையப் போட்டு, எரியுதான்னு செவுத்துல அடிச்சுப் பாத்துட்டு என் கையில குடுப்பாவ. வேற ஒண்ணும் சொல்ல மாட்டாவ. அம்புட்டுதான் அவிய பேச்சு."

அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பிள்ளைகளின் எடை, உயரமெல்லாம் போனில் ஏற்றிப் பழக்கம். முதல் இரண்டு லைட்டையும் மகன் விற்ற பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. எப்படி விற்றாய் என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டு, செயலியின் பெயரைத் தெரிந்துகொண்டு, தன் போனிலும் அதை இறக்கியிருக்கிறார். அடுத்தடுத்த லைட்டுகளுக்கு யார் என்ன விலை கேட்டாலும் அதற்கு மேல் கேட்டுவிடுவது. எடுத்துவிட்டுப் பணம் கட்டாமல் இருந்துவிடுவது. லைட் பெட்டியிலேயே கிடக்கும்.

"மகன்கிட்ட விக்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறிப்போன பிறகும் ஆற்றினார்.

"சொன்னா வித்திருக்க மாட்டான். நல்ல பையன். ஆனா அவனுக்கே தோணலியே தாயி. அப்பன் வாங்கிக் குடுத்தது, அம்மாகிட்ட ஒரு வார்த்த கேப்போம்னு தோணலியே. நானாப் போயி இது எனக்கு வேணும்னு எப்படிக் கேக்க?"

பிறகு, அவனிடம் சொல்லிவிடாதீர்கள் என்றார். நான் தலையாட்டினேன். காப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், என் கணவர் இன்னும் பையனைக் குடைந்துகொண்டிருந்தார். "போதும், வாங்க போகலாம். எனக்குத் தலை வலிக்குது" என்றேன். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். மறுபேச்சு பேசாமல் எழுந்துவிட்டார்.

ஊரைத் தாண்டித் தோப்புப் பக்கம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ரோட்டோரத்தில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்த அம்மாவும் கூட்டாக இருக்கலாம், மகனைக் காப்பாற்றக் கதை கட்டலாம் என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிடலாம் போலத்தான் இருந்தது.

"அவங்க நாடிய நான் பிடிச்சுப் பாத்தேன். நீங்க எத்தனை பேரை விசாரிச்சிருப்பீங்களோ, நான் அத்தனை பேரைப் பிடிச்சுப் பாத்திருக்கேன். விடுங்க."

அவர் பக்கத்துத் தென்னைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "கம்ப்ளைண்ட வாபஸ் வாங்கணும்" என்றார்.

வாங்க முடியவில்லை. புகார் கொடுக்கச் செயலியில் இடம் இருந்தது. திரும்பப் பெற இடமே இல்லை. தவறுதலாகக் கொடுத்துவிட்டேன் என்று எழுதினார். உங்கள் புகார் கிடைத்தது, பரிசீலிக்கிறோம் என்று அதற்கும் அதே பதில். அடுத்த வாரம் வேறொரு தகவல் வந்தது. ரோஜாப்பூவின் கணக்கு முடக்கப்பட்டது, உங்கள் விழிப்புணர்வுக்கு நன்றி என்று. சர்வீஸில் அவருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூடக் கிடைத்ததில்லை. இதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

பச்சை லைட் மூன்றாவது தடவை ஏலத்துக்கு வந்தது. ரோஜாப்பூ இல்லை. எப்படியாவது அதை எடுத்து அந்த அம்மாவிடமே கொடுத்துவிடலாம் என்று இவர் விலை கேட்டார். எடுத்துக் கொடுத்தால் அது மறுபடி அந்தப் பரணுக்குத்தானே போகும், மகன் மறுபடி விற்பானே என்றேன். அவர் கேட்கவில்லை. எதிரே வடக்கே எங்கேயோ இருந்து ஒரு ஆள் வந்து நின்றான். உண்மையான ஆள், பணம் உள்ள ஆள். இவருடைய ஓய்வூதியம் தாங்குகிற விலையைத் தாண்டி வெகுதூரம் போனான். அன்றே பணத்தையும் கட்டிவிட்டான்.

இரண்டு லைட் மிச்சம் இருந்தன. அவற்றில் ஒன்றை அடுத்த வாரம் போடப்போவதாகப் பையனே என் கணவருக்குத் தகவல் அனுப்பி, தன் போன் நம்பரையும் கொடுத்திருந்தான். அன்று மிரட்டியதற்கு மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை போல.

அந்தத் தகவல் வந்த அன்று வார்டில் ஒரு பாட்டி. மார்பில் கட்டி. பிள்ளைகள் வேலை வெட்டியை விட்டு அலையக் கூடாது என்று மாதக்கணக்கில் சொல்லாமல் இருந்துவிட்டார். நிலைமை முற்றி, வாடை வந்த பிறகுதான் மருமகளுக்குத் தெரிந்திருக்கிறது. மகன் படுக்கையோரம் நின்று, ஏம்மா சொல்லல, ஏம்மா சொல்லல என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தான். பாட்டி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இப்படி எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன். சொல்லாமல் இருப்பவர்கள், கேட்காமல் இருப்பவர்கள். கட்டுப் பிரித்துக் கட்டுவது நான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மருந்து ஸ்டோர் பக்கம் போய் நின்று, அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். அன்று மம்சாபுரத்துக்கு வந்திருந்தோமே, அந்த அம்மா பேசுகிறேன் என்றேன்.

"சொல்லுங்கம்மா."

"அந்த லைட்டெல்லாம் யாருக்கு வாங்கினதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"அப்பாவோடதும்மா."

"அப்பாவோடது இல்ல. அப்பா ஒங்க அம்மாவுக்கு வாங்கிக் குடுத்தது. ராத்திரி மோட்டார் போடப் போறதுக்கு. ரோஜாப்பூவும் ஒங்க அம்மாதான்."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

"லைன்ல இருக்கியாப்பா?"

"இருக்கேம்மா."

"நான் சொன்னேன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

"சரிம்மா." பிறகு, "நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது, அம்மா வரப்புல வாரது தூரத்துலயே தெரியும்மா. வெளிச்சம் ஆடிக்கிட்டே வரும். பாத்துக்கிட்டே ஒறங்கிருவேன்" என்றான். அதைச் சொல்லிவிட்டு, வைக்கட்டுமா என்று கேட்டான்.

அந்த வாரம் ஏலத்தில் லைட் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. தாயும் மகனும் உட்கார்ந்து பேசித் தீர்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பல மாதம் கழித்து அந்த அம்மா எங்கள் மருத்துவமனைக்குக் கண் காட்ட வந்திருந்தார். மகன் வண்டி நிறுத்தப் போயிருந்தான். என்னைப் பார்த்ததும் வரிசையை விட்டு வந்து காதருகில் சொன்னார்.

"அந்த ஏலக்கடைய மூடிட்டாவளாமே தாயி. மகன் சொன்னான். மிச்சம் ரெண்டையும் வீட்டுலயே வச்சிருக்கான். நல்ல வேள."

செயலி மூடவில்லை. அன்று காலையில்கூட என் கணவர் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூடிவிட்டார்கள் என்று மகன் சொல்லியிருக்கிறான். அம்மாவும் அதை நம்புகிறார், அல்லது நம்புகிற மாதிரி இருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை.

"ஆமாம்மா, மூடிட்டாங்க" என்றேன். மகன் வந்து அவர் தோளைப் பிடித்து வரிசையில் நிறுத்தினான். என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான்.

என் கணவர் இப்போது பார்ப்பதோடு சரி. விலை கேட்பதில்லை. ஒரு முறை நல்ல பித்தளை லைட் ஒன்று வந்தது. ஆசையாக அதற்கு மட்டும் கேட்டார். யாரோ அதற்கு மேல் சின்னதாக ஒரு தொகை வைத்தார்கள். படத்தில் ஒரு தென்னை மரம். இவர் அதற்கு மேல் கேட்காமல் விட்டுவிட்டார்.

"ஏன், வேண்டாமா?"

"எதுத்தாப்புல யாரு இருக்கான்னே தெரியல. எப்படிக் கேக்க?" என்றார்.

எனக்கு மறுநாள் காலை டூட்டி. சீருடையை இஸ்திரி போட எழுந்து போனேன்.